செத்தவங்க லீவு

வடக்குத் தெருவுல மட்டும் எல் சல்வதோர் நாட்டு லீவு நடந்துச்சே, அந்த வருசத்துக் கதையச் சொல்றேன். எங்க சிவகாசியில லீவுங்கிறது நாங்க அச்சடிச்சு ஊரு உலகத்துக்கெல்லாம் அனுப்பி வைக்கிற சரக்கு, எங்களுக்கு அது கிடையாது. தீபாவளிக்கு முந்தின நாள் வரைக்கும் வெடி சுத்துற கை, அது முடிஞ்ச மறுநாளே காலண்டர் தைக்கப் போற கை, மூக்கு ஒழுகினாலும் தொடைக்க நேரமில்லாத கை. அப்பேர்ப்பட்ட ஊர்ல, போயும் போயும் அந்த மாரிக்கனி குடியிருந்த தெருவுக்கு மட்டும், கடலுக்கு அந்தாண்ட இருக்கிற ஏதோ ஒரு நாட்டு லீவெல்லாம் வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டா எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

மாரிக்கனி யாருன்னு முதல்லயே சொல்லிப்புடுறேன். எங்க வீட்டுக்காரரு தனுஷ்கோடி ஒரு அச்சாபீசுல ஆப்செட் மிஷின் ஓட்டினாரு. நான் அன்னபாக்கியம், தாலி கட்டினவ, எனக்குத் தெற்குத் தெருவுல வீடு. மாரிக்கனி அதே அச்சாபீசுக்குக் காலண்டர் தைக்க வந்தவ, தாலி கட்டாதவ, அவளுக்கு வடக்குத் தெருவுல வீடு. ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும்கிறது அவருக்கும் தெரியும். ஆனா ஒருத்தரும் ஒரு வார்த்தை வாயத் திறந்து பேசினதில்ல.

காலண்டர் தைக்கிறதுன்னா, சாமி படம் போட்ட அட்டையில தேதிக் கட்டை வச்சுக் கம்பி அடிக்கிறது. அந்த வருசம் அச்சாபீசுக்கு எல் சல்வதோர்ல இருந்து ஒரு ஆர்டர் வந்திருந்துச்சு. அந்த நாட்டுத் தேதிக் கட்டும் நம்ம எண்ணெய்க்கடை குடுத்த மாரியம்மன் அட்டையும் பக்கத்துப் பக்கத்துல கிடக்க, அவசரத்துல அதை எடுத்து இதுல அடிச்சுப்புட்டாக. எண்ணு எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதானே, கீழ கிடக்கிற பொடி எழுத்தை யாரு படிச்சா? சிவப்பு தேதியெல்லாம் மாறிக் கிடக்கிறதைப் பார்த்து முதலாளி அண்ணாச்சி தலையில அடிச்சுக்கிட்டு, கழிவுல தூக்கிப் போடுங்கன்னாரு. எங்க வீட்டு மனுசனுக்குத் தாளு வீணாப் போனா மனசு தாங்காது, மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயி வடக்குத் தெருவுல வீட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்துட்டாரு. எனக்கு? எனக்கு ஒரு நகைக்கடைக் காலண்டர், அதுவும் ஓரம் மடிஞ்சது.

தை மாசி வரைக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை காலையில வடக்குத் தெருப் பொம்பளைக கோலம் போட வாசலுக்கு வந்தா, கோலம் ஏற்கெனவே கிடக்கு. மாவு இல்ல, சாயம் தோய்ச்ச மரத்தூளு. பாய் விரிச்ச மாதிரி தெரு பூரா, மஞ்சளும் ஊதாவுமா, யாரும் பார்த்திராத பறவையும் திராட்சைக் குலையும். கூட்டினா திரும்பி வருது, தண்ணி ஊத்தினா காஞ்சு எந்திரிக்குது. சரி வேலையப் பார்ப்போம்னு வெடி சுத்த உக்காந்தா தாளு சுருள மாட்டேங்குது, பசை ஒட்ட மாட்டேங்குது, நூலு முடிச்சு விழ மாட்டேங்குது. ஆனா அடுப்பு எரியுது, சோறு வேகுது, பிள்ளை தொட்டில் ஆடுது. கூலி வேலை மட்டும்தான் கையில நிக்கலை. கோயிலுக்குப் போனாக, கற்பூரம் கொளுத்தினாக, மத்தியானத்துக்கு மேல யாரோ ஒருத்தி "அப்பத் தூங்கத்தான்டி வேணும்"னு சொல்ல, தெருவே பாயை விரிச்சுப் படுத்துருச்சு. அந்தக் குறட்டைச் சத்தம் தெற்குத் தெருவுல எனக்குக் கேட்டுச்சு, நான் அப்போ சரவெடி பின்னிக்கிட்டு இருந்தேன்.

அச்சாபீசுக் கம்ப்யூட்டர்ல அந்த நாட்டு எழுத்தைக் கோத்தவ ஸ்டெல்லான்னு ஒரு பிள்ள, அவளும் வடக்குத் தெருதான். அவதான் கூகுள்ல தேடி, "அக்கா, எல் சல்வதோர்ல ஈஸ்டருக்கு மூணு நாளு லீவாம், காலண்டர் அதைத்தான் நடத்துது"ன்னா. "அப்படியா, சரி"ன்னு கேட்டுக்கிட்டாக. மழை பெய்யுதுன்னா குடை எடுத்துட்டுப் போற மாதிரி, சிவப்பு தேதின்னா பாயை எடுத்துட்டு வந்தாக, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் எங்க ஊரு அந்த லீவோட குடும்பம் நடத்தின லட்சணத்தைக் கேளுங்க. ஒப்பந்தக்காரங்க முதல்ல வடக்குத் தெருவுக்கு வேலை குடுக்க மாட்டோம்னு குதிச்சாக. பிறகு பார்த்தா, லீவு முடிஞ்ச மறுநாள் அந்தத் தெருக் கையி புதுசா எண்ணெய் போட்ட மிஷினா ஓடுது, வாயை மூடிக்கிட்டு மூட்டையை இறக்கினாக. வடக்குத் தெருவுல வீட்டு வாடகை ஏறிப்போச்சு. பொண்ணு பார்க்க வர்றவுக "பொண்ணுக்கு என்ன போடுவீக"ன்னு கேக்கிறதை விட்டுட்டு "காலண்டர் யாருக்கு"ன்னு கேட்டாக. ரெண்டு தெருவும் சந்திக்கிற முக்குல டீக்கடை வச்சிருந்த பால்பாண்டி, சிவப்பு தேதிக்கெல்லாம் அடுப்பைத் தெற்குப் பக்கம் நகட்டி வச்சுக்கிட்டு, வடக்குப் பக்கம் பெஞ்சுல உக்காந்து அவனே டீ வாங்கிக் குடிச்சான். எங்க தெற்குத் தெரு ஆம்பளைக ஒரு காலண்டரை எப்படியோ வாங்கி ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தாக. கறுப்பு ஜெராக்ஸ்ல சிவப்பு தேதியெல்லாம் கறுப்பா விழுந்து, அதை மாட்டின வீட்ல ஞாயித்துக்கிழமைகூட வேலை நாளாப்போச்சு. நாலு வீட்டுக்காரன் ஓய்வே இல்லாமக் கிடந்து அல்லாடி, கடைசியில கிழிச்சு அடுப்புல போட்டான்.

மே மாசம் பத்தாந்தேதி அம்மாக்க லீவுன்னு வந்துச்சு. அன்னிக்கு வடக்குத் தெரு அம்மாக்களுக்குக் கை ரெண்டும் பஞ்சா லேசாகி மடியில கிடந்துருச்சு, ஒரு கரண்டியக்கூடத் தூக்க முடியலை. ஆம்பளைக அடுப்படியில நின்னுக்கிட்டு உப்பு எந்த டப்பாவுல இருக்கு, புளி எந்தப் பானையில இருக்குன்னு கத்துற கத்து ஊரைக் கூட்டுது. ராமுத்தாயின்னு ஒருத்தி, நல்ல மனுசி, தன் காலண்டரைக் கழட்டிட்டுப் போயி ரெண்டு தெரு தள்ளிக் குடியிருந்த மக வீட்ல மாட்டினா. லீவும் கூடவே போயிருச்சு, மக கையி ஓய்ஞ்சு கிடக்க இவ வந்து பாத்திரம் கழுவினா. அப்பத்தான் தெரிஞ்சுது, லீவு தெருவுக்கு இல்ல, காலண்டர் தொங்குற வீட்டுக்குன்னு. தெரிஞ்ச பிறகு காலண்டரை ஒருத்தியும் இன்னொருத்திக்குக் குடுக்கலை. கழுத்துச் சங்கிலியை இரவல் குடுத்தாலும் குடுப்பாளுக, அதைக் குடுக்க மாட்டாளுக.

அன்னிக்கு மாரிக்கனிக்கும் கை லேசாச்சாம். அவ என்னத்தப் பெத்தா? பிள்ளை பெறாதவளுக்கு அம்மா லீவு, ஒரு பொம்பளப் பிள்ளையப் பெத்துக் கோவில்பட்டியில கட்டிக் குடுத்த எனக்கு வேலை நாளு. எங்க வீட்டு மனுசன் அவளுக்கு ரசம் வச்சு ஊட்டி விட்டாராம். ரசம்! என் வீட்ல அந்த மனுசனுக்கு அடுப்பு எந்தப் பக்கம் பத்தும்னு தெரியாது. லீவு வந்தா அங்க. சலவைச் சட்டை, பவுடரு, சிரிப்பு, பாட்டு. வேலை நாளுன்னா இங்க. கையெல்லாம் மை, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வந்து, தட்டைப் போட்டா தின்னுட்டு, அப்படியே சாஞ்சு தூங்குறது. அவளுக்கு லீவு நாள் புருசன், எனக்கு வேலை நாள் புருசன். நான் கேட்டதெல்லாம் ஒரே ஒரு லீவு நாளுதான், அவரு என் வாசல்ல சிரிச்சுக்கிட்டு வந்து நிக்கிற மாதிரி ஒரு நாளு.

அது கிடைக்கிறதுக்குள்ள ஆடி மாசம் ஒரு வேலை நாள்ல வீட்டுக்கு வந்து, "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு அன்னம், தண்ணி குடு"ன்னு சொல்லிப் படுத்தவரு எந்திரிக்கலை. சாவுக்கு ஊரே வந்துச்சு. மாரிக்கனியும் வந்து முக்குல நின்னா. நான் உள்ள விடலை, விடுவேனா? சிரிச்ச மூஞ்சியெல்லாம் அவ பார்த்தாள்ல, செத்த மூஞ்சியாவது எனக்கு மட்டும் இருக்கட்டும்னு கதவைச் சாத்தச் சொன்னேன்.

காலண்டர் துக்கமெல்லாம் பார்க்குமா? ஆகஸ்டுல அந்த நாட்டு ஊர்த் திருவிழா, ஆளே இல்லாம பேண்டு வாத்தியம் வடக்குத் தெருவச் சுத்திச் சுத்தி வந்துச்சு. செப்டம்பர் பதினஞ்சு அவுக சுதந்திர தினம், கொடியில காயப்போட்ட சேலை வேட்டியெல்லாம் அவுக தேசியக் கொடி கணக்கா நீலமும் வெள்ளையுமாக் காஞ்சுச்சு. ஆனா ஒண்ணு, தீபாவளி அந்தக் காலண்டர்ல கறுப்பு. அன்னிக்கு வடக்குத் தெருவுல ஒரு வெடி வெடிக்கலை, ஒரு மத்தாப்பு பூக்கலை. வெடி சுத்துற தெருவுல வெடி நமுத்துப் போச்சு. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க உக்காந்தவுக எந்திரிச்சுப் போயி வேலை பார்த்தாக. புருசன் செத்த வருசம், எனக்கு ஏது தீபாவளி? ஆனாலும் சொல்றேன், அன்னிக்கு நான் வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்து, வடக்குத் தெருவோட அமைதியை ஆசை தீரக் கேட்டேன்.

அந்தச் சந்தோசம் ரெண்டு தெருவுக்கும் பொதுவான தண்ணிக் குழாயடி வரைக்கும்தான். மறுநாள் அங்க குடம் வச்சுக்கிட்டு நிக்கும்போது ராமுத்தாய், "அடுத்த சிவப்பு எப்போடி ஸ்டெல்லா?"ன்னா.

"நவம்பர் ரெண்டு, மதினி. எங்களுக்குக் கல்லறைத் திருநாள் வருமில்ல, அதேதான். அந்த நாட்டுல அன்னிக்கு அரசாங்க லீவு. பூசணிக்காயை வெல்லப்பாகுல வேக வச்சு, கல்லறைக்கெல்லாம் காகிதப் பூ போடுவாங்களாம். காலண்டர்ல செத்தவங்க லீவுன்னு போட்டிருக்கு."

"செத்தவங்க லீவுன்னா?"

"லீவுதான் மதினி."

"அது சரிடி, யாருக்கு லீவு?" ராமுத்தாய் குடத்தைக் கீழ வச்சா. "அம்மாக்க லீவுன்னா அம்மாக்களுக்கு லீவு. அப்பாக்க லீவுன்னு ஜூன்ல வந்துச்சு, அப்பாக்களுக்கு லீவு. அப்போ செத்தவங்க லீவுன்னா?"

குழாயில தண்ணி நிறைஞ்சு வழியுது, ஒருத்தியும் குடத்தை நகட்டலை. லீவு விட்டா மனுசன் எங்க போவான், வீட்டுக்குத்தான வருவான்?

அன்னிக்கே வடக்குத் தெரு வெள்ளையடிக்க ஆரம்பிச்சிருச்சு. செத்துப்போன மாமனாருக்குப் பிடிச்ச சுருட்டு வாங்கினாக, பரண்ல போட்ட பழைய அண்டாவையெல்லாம் செத்த மாமியாருக்குப் பயந்து இறக்கி விளக்கினாக. நான் வீட்டுக்கு வந்து ஓரம் மடிஞ்ச நகைக்கடைக் காலண்டரைப் பார்த்தேன். நவம்பர் ரெண்டு, கறுப்பு. செத்த பிறகும் அந்த மனுசனுக்கு ஒரு லீவு கிடைக்கும், அந்த லீவுக்கும் அவகிட்டதான் போவாரு. எனக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரிஞ்சுது.

ஒண்ணாந்தேதி சாயங்காலம் நான் அவ வீட்டுப் படி ஏறினேன். வாழ்க்கையில முதல் தடவை. அச்சாபீசுக் கழிவுத் தாளைக் கத்தரிச்சுக் காகிதப் பூ செஞ்சு வாசல் பூராத் தோரணம் கட்டியிருந்தா. கொடியில ஒரு வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. என்னைப் பார்த்து எந்திரிச்சவ, உக்காருங்கன்னு சொல்லவும் பயந்து நின்னா.

"காலண்டரைக் குடு"ன்னேன்.

"அக்கா..."

"அக்கா கொக்கான்னு கூப்பிடாத. சிரிச்சது, பாடினது, ரசம் வச்சது எல்லாம் உனக்குத்தான். எனக்கு என்னடி குடுத்தாரு, மை துடைச்ச துணியா? இந்த ஒரு நாளை எனக்குக் குடுத்துரு. குடுக்கலைன்னா பிடுங்கிட்டுப் போவேன்."

அவ சண்டைக்கு வருவான்னு முந்தானையச் சொருகிக்கிட்டு நின்னேன். அவ சத்தம் போடாம அழுதா, பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, மாரியம்மன் படத்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஆணியில இருந்து கழட்டினா.

"கொண்டு போங்கக்கா. நான் அவரைக் கடைசியாப் பார்த்தது சிரிச்ச மூஞ்சி, அது எனக்குப் போதும். ஒண்ணே ஒண்ணு. வந்தாருன்னா, என்னையக் கேட்டாரான்னு மட்டும் நாளைக்கு வந்து கேப்பேன். மறைக்காமச் சொல்லணும்."

சரின்னு சொன்னேன். சொல்றதுக்கு என்ன காசா பணமா.

மறுநாள் விடிஞ்சதுமே பூசணிக்காயை நறுக்கி வெல்லப்பாகுல போட்டேன், அது கொதிக்கும்போதே வாசல்ல சீட்டி அடிக்கிற சத்தம். கதவைத் திறந்தா நிக்கிறாரு! வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை, கையில வாழை இலையில மடிச்ச மல்லிகைப்பூ. நகக்கண்ணுல ஒரு பொட்டு மை இல்ல. என்னைப் பார்த்துக் கண்ணு ரெண்டும் சுருங்கச் சிரிச்சாரு. ஆத்தாடி, அப்படி ஒரு சிரிப்பு அந்த மூஞ்சியில இருக்குன்னே எனக்குத் தெரியாது. அழுகை முட்டிக்கிட்டு வருது, கையை நீட்டுறேன்.

"என்ன கனி, பாகு வாசனை முக்கு வரைக்கும் வருது!"ன்னாரு.

அவரு விளையாட்டுக்குச் சொல்லலை. என் மூஞ்சியத்தான் பார்க்கிறாரு, என் வீட்டுக்குள்ளதான் வர்றாரு, ஆனா அவருக்கு இது மாரிக்கனி வீடு, நான் மாரிக்கனி. லீவு நாள் மனுசனுக்கு என்னையத் தெரியாது, அவருக்கு எங்கிட்ட ஒரு நாளும் லீவா இருந்து பழக்கமில்ல. நான் கனி இல்ல, அன்னம்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா இந்தச் சிரிப்பு போயிருமேன்னு பயந்தேன்.

"உள்ள வாங்க"ன்னேன்.

அன்னிக்குப் பூரா நான் கனியா இருந்தேன். கனி, பூ வச்சுக்கோன்னாரு, வச்சுக்கிட்டேன்; தாலி அறுத்த தலைன்னு அவருக்கு எங்க தெரியும்? ரசம் வச்சாரு, என்னமா வைக்கிறாருங்கிறீக! பாட்டுப் படிச்சாரு, முதலாளி அண்ணாச்சி மாதிரி நடந்து காட்டினாரு, நான் விழுந்து விழுந்து சிரிச்சேன், சிரிச்சு முடிச்சு அடுப்படியில போயி அழுதேன். வடக்குத் தெருவுலயும் அப்படித்தானாம். ராமுத்தாயோட மாமனாரு வந்து சுருட்டைப் பத்த வச்சுக்கிட்டு, வெள்ளையடிச்சது திட்டுத் திட்டா இருக்குன்னு திட்டிட்டு, சொகமா உக்காந்திருந்தாராம்.

வெயில் தாழ்ந்ததும் என்னால பொறுக்க முடியலை. கனி கேக்கிற மாதிரிக் கேட்டேன். "உங்க வீட்டுக்காரி அந்த அன்னபாக்கியம், அவ எப்படி?"

சிரிப்பு கொஞ்சம் அடங்குச்சு. வெளிய பார்த்துக்கிட்டே சொன்னாரு. "அவளைப் பத்தி என்ன சொல்ல. இங்க வந்தா உனக்குச் சிரிச்சுக் காட்டணும், பாட்டுப் படிக்கணும். இல்லேன்னா நீ என்னமோ ஏதோன்னு பதறுவ. அங்க அப்படி இல்ல கனி. அங்க போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிடலாம். ஏன்னு கேக்க மாட்டா, தட்டை வைப்பா, விசிறியப் போட்டு விடுவா. எனக்குத் தூக்கம் அங்கதான் வரும். ஒடம்புக்கு முடியாமப் போச்சுன்னா நான் அவகிட்டதான் போவேன், நீ வருத்தப்படக் கூடாது."

எனக்கு எப்படி இருந்துச்சுங்கிறீக? காலையில இருந்து கனியாவே இருந்தனா, சுருக்குனு நெஞ்சுல ஏறுது பொறாமை, யாரு மேல? அந்த அன்னபாக்கியத்து மேல! பூவும் சிரிப்பும் எனக்குக் குடுத்துட்டு, இந்த மனுசனையே தூக்கி அவகிட்டக் குடுத்துட்டாரேன்னு, அவ மயித்தைப் பிடிச்சு ஆய்ஞ்சுப்புடலாம்னு வந்துச்சு.

"கிளம்பட்டா கனி? அலுப்பா இருக்கு. அன்னம் வீட்டுல போயித் தூங்கணும்"னு எந்திரிச்சாரு.

"இங்கயே படுங்களேன்"னேன்.

"இங்கயா?" சிரிச்சுக்கிட்டே முன்வாசல் வழியா இறங்கிப் போயிட்டாரு.

நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், பின்வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம். ஓடினேன். அவருதான். அழுக்குச் சட்டை, முழங்கை வரைக்கும் மை, மூஞ்சி தொங்கிக் கிடக்கு. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "அன்னம், தண்ணி குடு"ன்னாரு. குடுத்தேன். குடிச்சாரு. பாயில சாஞ்சாரு, விசிறியப் போட்டு விட்டேன், அடுத்த நிமிசம் குறட்டை. நான் அவரு கால் மாட்டுல உக்காந்து அந்தக் குறட்டையக் கேட்டுக்கிட்டே இருந்தேன், வேற ஒரு வேலையும் பார்க்கலை. தெரு விளக்கு எரிஞ்சப்போ பாய் மட்டும்தான் கிடந்துச்சு, தொட்டுப் பார்த்தா சூடு ஆறலை.

அந்நேரத்துக்கு வாசல்ல மாரிக்கனி வந்து நின்னா. முகம் வீங்கிக் கிடக்கு, படி ஏறாமக் கீழயே நின்னுக்கிட்டு, "கேட்டாராக்கா?"ன்னா.

கேக்கவே இல்லைன்னு சொல்லத்தான் நாள் பூரா நினைச்சிருந்தேன். வாயத் திறந்தா வேற வந்துருச்சு. "வந்ததுல இருந்து உன் பேருதான்டி. என் மூஞ்சியப் பார்த்துக் கனி கனின்னு, வேற பேரு அவரு வாயில வரலை."

அவ முகம் மலர்ந்துச்சு பாருங்க, அந்த அழுத முகத்துல அப்படி ஒரு பூரிப்பு. எனக்குப் பழையபடி வயிறு பத்திக்கிச்சு. சும்மா விடுவேனா?

"ஆனா தூங்க எங்கிட்டதான் வந்தாரு"ன்னேன்.

அவ சிரிப்பு பாதியில நின்னுபோச்சு. "தூங்கினாரா?"ன்னு கேட்டா. எட்டி உள்ள கிடக்கிற பாயைப் பார்த்தா. "எங்க வீட்ல அவரு கண்ணசந்து நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே அக்கா. நான் படுத்த பிறகும் உக்காந்துதான இருப்பாரு. எப்படித் தூங்கினாரு? ஒருக்களிச்சா, மல்லாக்கவா? குறட்டை விடுவாரா?"

கேக்கும்போதே அவ கண்ணு ரெண்டும் அந்தப் பாயைத் தின்னுது. அந்தப் பார்வையை எனக்கு நல்லாத் தெரியும், வருசக்கணக்கா நான் வடக்குத் தெருவப் பார்த்த பார்வை அது. அதை அவ கண்ணுல பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்கா வந்துச்சு.

"உள்ள வாடி, பாய் இன்னும் சூடாத்தான் இருக்கு"ன்னேன்.